காப்புக் கையில் மாத்திரை

இருசம்மாளுக்குக் கோபம் வந்தால் முறம் பேசும். அன்று காலை அவள் கேழ்வரகு புடைத்த சத்தம் அடுத்த தெருவுக்கே கேட்டது. காரணம் புருஷன் வீரமுத்து. மாரியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு கோயிலில் தங்கியிருந்த மனிதர், மாற்று வேட்டி எடுக்க வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில், காப்புக் கட்டிய நாளிலிருந்து மாத்திரையே போடவில்லை என்று வாய்விட்டு மாட்டிக்கொண்டார்.

இருவருக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்த காலத்தில் அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ரிஷிவந்தியத்தில் பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவள் இவள்தான். அன்றிலிருந்து தினம் தவறாத மாத்திரை, வேளைக்குச் சோறு, முட்டை, கீரை, சாராயத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்காத கட்டுப்பாடு எல்லாமே இவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திக் கொண்டுவந்தவை. இப்போது இருவரும் கரும்பு வெட்டப் போகிறார்கள். சோதனையில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது. அடங்கியதே தவிரச் சாகவில்லை, மாத்திரையை விட்டால் எழுந்துகொள்ளும் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா கலையரசி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"ஏன்யா, சாவறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

"காப்பு கட்டிக்கினு மாத்திரை போடக் கூடாது மே. ஆத்தா பாத்துக்குவா."

"ஆத்தாவுக்கு வேற வேலை இல்லியா?"

அவள் விடாமல் குடைந்ததும் உண்மையைக் கக்கினார். "காப்பு கட்டுனவங்க எல்லாம் ஒரே கொட்டாயில கெடக்கறோம். அத்தினி பேரு பாக்க வாயில போட்டா, இன்னா மாத்திரைன்னு கேப்பானுங்க. இன்னா சொல்றது?"

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன அவளுக்கு. கேட்பார்கள்தான். தெரிந்தால் கரும்புக் கொல்லையில் தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தரமாட்டார்கள். அவளும் இத்தனை வருஷமாகக் குளிக்கிற மறைப்புக்குள் போய்த்தான் விழுங்குகிறாள். அதற்காக, ஒளிய இடமில்லை என்றால் சாகவா முடியும்?

நேராகப் பூசாரி பிச்சைமுத்துவிடம் போனாள்.

"அண்ணே, காப்பு கட்டுனவங்க மாத்திரை போடக் கூடாதுங்களா?"

"எந்தப் பய சொன்னான்? எனக்கு சக்கரை. மாத்திரை போட்டுக்கினுதான் பூசை பண்றேன். இல்லைன்னா தீக்குழியிலயே வுழுந்துடுவேன்."

"அதைக் கொஞ்சம் வாயைத் தொறந்து சொன்னா இன்னாங்க? ஆத்தா பேரைச் சொல்லி எத்தினி பேரு மாத்திரையை வுட்டுட்டுக் கெடக்கறாங்களோ!"

அவள் போட்ட போடு அவருக்கு உறைத்துவிட்டது. சாயங்காலப் பூசை முடிந்ததும், "மாத்திரை போடறவங்க வாங்க, தீர்த்தம் தர்றேன்" என்று கூவித் தன்னுடையதை எல்லார் முன்பும் விழுங்கினார். பிறகு மடியிலிருந்தும் முந்தானையிலிருந்தும் மாத்திரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சர்க்கரைக்கு, ரத்தக் கொதிப்புக்கு, வலிப்புக்கு. இருசம்மாள் கொண்டுவந்து கொடுத்த மாத்திரையைக் காப்புக் கையில் வைத்துக்கொண்டு வீரமுத்துவும் வரிசையில் நின்றார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தீர்த்தத்தோடு விழுங்கிவிட்டு அவளைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"சிரிக்காத. நாளைக்கு நர்ஸம்மாகிட்ட வந்து ஏச்சு வாங்கிக்க" என்றாள்.

இதற்கா இத்தனை வருஷம் மறைப்பைத் தேடி ஓடினோம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் மாத்திரையை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். பின்னால் நின்றவள் நெருக்கியபோது, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"தள்ளாத மே, நானும் மாத்திரை போடணும்!"