சின்னது ஓடினால்தான் லைன் சரி

பாப்பாரப்பட்டியில் வீடு வீடாக நெட் இணைப்பு கொடுப்பவர் அவர். ஒடிசலான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு சுருள் கேபிள். எந்த வீட்டில் லைன் கொடுத்தாலும், ஏரியூர்ப் பெண் ஒருத்தி தனியாளாக நடத்தும் செய்தித் தளத்தைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்.

"பெரிய கம்பெனிது எப்படியும் ஓடுமுங்க. சின்னது ஓடுனாத்தான் லைன் சரி."

நான் வேலை பார்க்கும் குவாரி ஆபீசுக்கும் லைன் கொடுக்க வந்தார். எங்கள் குவாரித் தூசியால் பாழான வயல்களைப் பற்றி அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு சைட்டை நிறுத்த வேணாம்பா. உன் லைன்ல சட்டுனு திறக்காம கொஞ்சம் சுத்த விடு, போதும். எவன் காத்திருந்து படிப்பான்?"

"அது அவங்க வாயப் பொத்துறதுதானுங்க. வயர் இழுக்கறதுதான் என் வேலை. அதுல யாரு பேசணும்னு நான் சொல்லக்கூடாதுங்க."

சொல்லிவிட்டு, வழக்கம்போல முதலாளியின் பெரிய டிவியில் அந்தத் தளத்தையே திறந்தார். ஒரு நொடிகூடச் சுற்றவில்லை. எங்கள் குவாரி திரை முழுக்க வந்து நின்றது!

"லைன் சரியா இருக்குதுங்க."

எழுந்து கைதட்டத் துடித்தேன். இப்போதும் போனில் ஏதாவது சின்னத் தளம் திறக்காமல் சுற்றினால், அங்கே லைன் கொடுப்பவர் யாரோ ஒரு முதலாளிக்குச் சரி என்று சொல்லிவிட்டாரோ என்றுதான் தோன்றுகிறது.