முட்டைக்குப் போட்ட பலகை

எனக்குக் கால் நடக்காது என்பதற்காகத்தான் அந்த டெலிபோன் பூத்தைக் கொடுத்தார்கள். கொடுத்த இடம் ரயில்வே ஸ்டேஷனின் முதல் பிளாட்பாரம். தெருவிலிருந்து பிளாட்பாரத்துக்குப் போகப் படி ஏற வேண்டும். நடக்க முடியாதவளுக்கு என்று ஒதுக்கியதைப் படிக்கு மேலே கொண்டுபோய் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும் என்பார்களே, இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள். எத்தனை படி என்று கேட்காதீர்கள். நான் எண்ணியதில்லை. எண்ணினால் அதற்கு மரியாதை கொடுத்ததாக ஆகிவிடும்.

ஸ்டேஷன் பெயரையும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எந்த நகரத்து ஸ்டேஷனுக்குப் போனாலும் வாசலில் படிதான்.

எங்கள் ஊர், காடு எல்லாம் வெண்ணந்தூர்ப் பக்கம். இளம்பிள்ளை வாதம் வந்தபோது எனக்குப் பேச்சே சரியாக வந்திருக்கவில்லை. அப்புறம் எழுபதுகள் முழுவதும் என்னை யாராவது தூக்கிக்கொண்டே இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு அப்பா, பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர், கோயில் வாசலில் முன்பின் தெரியாத ஓர் ஆள். நல்லவர்கள்தான். ஆனால் தூக்குகிறவருக்குப் புண்ணியம் சேருகிறது, தூக்கப்படுகிறவளுக்கு என்ன சேருகிறது? என் இடுப்பை எங்கே பிடிக்கலாம் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசியில் பூத் கிடைத்தது. அப்பா காலமாகியிருந்தார். அம்மாவும் நானும் அந்த நகரத்தில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்று என்னிடம் இருந்தது. ஸ்டேஷன் வாசல் வரைக்கும் நான் ராணி. வாசலில் வண்டி நின்றுவிடும்.

முதல் நாள் ஒரு போர்ட்டர் என்னைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பூத்தில் வைத்தார். வண்டி கீழேயே நின்றது. வைத்த இடத்தில் மூட்டை கிடக்கிற மாதிரி சாயங்காலம் வரைக்கும் கிடந்தேன். குழாய் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. நான் தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் போக வேண்டி வரும். போக வேண்டுமென்றால் அந்தப் போர்ட்டர் ரயில்களுக்கு நடுவே எப்போது கை ஓய்வார் என்று காத்திருக்க வேண்டும். மாலையில் என்னைக் கீழே இறக்கும்போது ஓர் அம்மாள், "பாவம், பொம்பளப் புள்ள" என்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன், இனி அந்தப் படியில் என்னை ஒருவரும் தூக்கக் கூடாது என்று. அம்மா அழுதாள். எனக்கு அழ வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ஆனால் பூத் காத்திருக்காது. டெலிபோன் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி இரண்டு வாரத்தில் வருவதாக இருந்தார். பூத்தை நானே உட்கார்ந்து நடத்துகிறேனா என்று அவர் பார்ப்பார். பூட்டிக் கிடந்தால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அது போனால் மறுபடியும் அம்மா கூலிக்குத் தைக்கும் ஜாக்கெட்டுகளுக்கு நான் கொக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் வண்டியைப் படிக்குக் கீழே நிறுத்தி, ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையான மனிதர். இறங்கி வந்து கேட்டுக்கொண்டார்.

"ஏம்மா, சரிவுப் பாதை கட்டறதுன்னா அது கட்டட வேலை. மேல எழுதணும், அவங்க வந்து பாக்கணும், அதுக்கப்புறம் வாசலை அடைச்சுப் போட்டுத்தான் கட்டணும். ஜனம் எப்படிப் போகும்? என் சர்வீஸ்ல நடக்காதும்மா."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கள் பக்கத்தில் நாலு பேர் படியின் மேல் நீளமான பலகைகளைப் போட்டார்கள். நாமக்கல் முட்டை. பெட்டி பெட்டியாகத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஒருவர் முன்னால் இழுக்க மூவர் பின்னால் தள்ள, குலுங்காமல் மேலே கொண்டுபோனார்கள். பிறகு பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். அந்தப் பலகை எனக்கு ஆகாது. செங்குத்து, என் வண்டியின் அகலமும் இல்லை. ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

"முட்டைக்குப் பலகை போடறாங்களேங்க. அதுக்கு யாருங்க உத்தரவு குடுத்தது?" என்றேன்.

"அது கட்டலையேம்மா. வைக்கறாங்க, எடுத்துடறாங்க."

"அப்ப நானும் கட்டலைங்க. வெக்கறனுங்க."

அவர் சுவரில் சாய்த்திருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தார். "வாசலை அடைக்கக் கூடாது. ஒரு செங்கல் வரக் கூடாது. சாயங்காலம் எடுத்துடணும்" என்றார். கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. எனக்கு மாமா. விஷயத்தைக் கேட்டதும் மறுநாளே டேப்போடு வந்து, ரயிலுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றுகொண்டே வாசலை அளந்தார். படிக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் சைக்கிள் நிறுத்தும் இடம் இருந்தது. அதுதான் இடம் என்றார்.

"செங்கல்லு, சிமெண்டு ஒண்ணும் வேண்டாம் அம்மிணி. பட்டறையிலயே எல்லாத்தையும் அறுத்து, ஓட்டை போட்டு, மாட்டிப் பாத்துரலாம். அப்பறம் பிரிச்சு லாரியில ஏத்தியாந்து நட்டுப் போட்டு முறுக்குனாத் தீந்துது. ஒரு ரயிலு போயி மறு ரயிலு வாரதுக்குள்ள மாட்டீரலாம்."

பத்து நாளில் வரச் சொன்னார்கள். மாமா அனுப்பிய லாரியில் என் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அம்மாவும் நானும் போனோம். பட்டறையில் ஸ்டேஷன் படி உயரத்துக்குப் பழைய டயர்களை அடுக்கி, அதன் மேல் சரிவைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஆங்கிள் இரும்புச் சட்டம், மேலே கனமான பலகை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பலகை நெடுக ஒரு சாணுக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம் அடித்திருந்தார்கள். என் வண்டிச் சக்கரம் முதல் சட்டத்திலேயே முட்டிக்கொண்டது.

"இதெதுக்குங்க மாமா?"

"காலு வழுக்காமப் புடிச்சுக்கறதுக்கு அம்மிணி."

"யாரு காலுங்க?"

பட்டறை ஆட்கள் குனிந்து சட்டங்களைப் பார்த்தார்கள். அவர்கள் அதுவரைக்கும் கட்டிய சரிவெல்லாம் மேச்சேரி ஆடு ஏற்றும் லாரிகளுக்கு. ஆட்டுக் குளம்புக்குச் சட்டம் வேண்டும். சரிவும் ஆடு ஏறுகிற செங்குத்துதான். கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

"நானு ஆடில்லைங்க மாமா" என்றேன். அவரும் சிரித்தார்.

சட்டங்களைப் பிடுங்கினார்கள். சரிவை எவ்வளவு தாழ்த்துவது என்பதை என் கைதான் முடிவு செய்தது. நான் வண்டியைச் சுற்றி ஏறுவேன், கை கடுத்தால் நிறுத்துவேன், அவர்கள் தாழ்த்துவார்கள், மறுபடியும் ஏறுவேன். தாழ்த்தத் தாழ்த்த நீளம் கூடியது. அவ்வளவு நீளம் லாரியில் கொள்ளாது, சுவரோரத்திலும் கொள்ளாது. அதனால் பாதி வழியில் ஒரு சதுர மேடை வைத்து, அங்கே திரும்பி ஏறுகிற மாதிரி இரண்டு துண்டாக்கினார்கள். பொழுது சாயும்போது ஒருவர் கையும் படாமல் டயர் அடுக்கின் உச்சியில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பட்டறை முழுவதும் தெரிந்தது. நானே ஏறி, உயரத்திலிருந்து எதையாவது பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதிகாரி வருகிற அன்று விடிகாலை மாமாவின் லாரி வந்து நின்றது. தார்ப்பாயை நீக்கினார்கள். சரிவு முழுவதும் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். ஓரத்தில் மஞ்சள் கோடு. நடு மேடையில் ஒரு தாமரை. உச்சியில், லாரிக்குப் பின்னால் எழுதுகிற மாதிரியே, 'ஒலி எழுப்பவும்'. கைப்பிடிக் கம்பியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

மாமா பெருமையாகச் சொன்னார். "பட்டறைய உட்டுப் போற எதுவும் பெயிண்ட் இல்லாமப் போகாது அம்மிணி. பூசை போட்டுத்தான் எடுத்தாந்தோம்."

சொன்ன சொல் தவறாமல், ஒரு ரயில் போய் அடுத்த ரயில் வருவதற்குள் மாட்டிவிட்டார்கள். எல்லா ஓட்டையும் பொருந்தியது. வாசலை ஒரு நொடி அடைக்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மேலே நின்று கைக்கடிகாரத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரி. ஆனால் நடுவில் ஒரு தூறல் போட்டுவிட்டுப் போனது. நான் வண்டியை ஏற்றினேன். மழை ஈரம் பட்ட பெயிண்டில் முன்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி பின்னால் வழுக்கி வந்து தெருவில் நின்றது. மறுபடியும் ஏறினேன். மறுபடியும் தெரு.

கூட்டம் கூடிவிட்டது. மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "ஒரு நாளைக்குத்தான் அம்மிணி. நாளைக்கு நானே பெயிண்டச் சொரண்டிப் போடறேன். ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். இன்னைக்கு மட்டும் வண்டியோட தூக்கி வெச்சர்றோம்."

பட்டறை ஆட்கள் கை வைக்க வந்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிஷம்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் பயந்தது. சரி என்று சொல்லிவிடுவேனோ என்று என்னைப் பார்த்தே பயந்தேன்.

"தூக்குனீங்கன்னா பூத்தத் தொறக்க மாட்டனுங்க மாமா. இங்கயே இருக்கறேன். அந்த ஆபீசரு கீழ எறங்கி வந்து, படிய ஒரு தடவ பாத்துட்டுப் போகட்டும்."

கைகள் விலகின. எனக்கு யோசிக்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஸ்டேஷன் சுவரில் தீயணைக்கும் மணல் வாளிகள் தொங்கிக்கொண்டிருந்தன. லாரியில் மீந்த பெயிண்ட் டப்பா இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது.

"பலகையத் தொடைச்சு, இன்னொரு பூச்சுப் பூசுங்க. காயறதுக்குள்ள அந்த மணல மேல தூவுங்க."

"அது தீக்கு வச்சதும்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"தீப்புடிச்சா அள்ளிக்கலாங்க."

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனிதர் திரும்பிக்கொண்டதை நான் இன்றுவரை நன்றியோடு நினைக்கிறேன். துணி கொண்டு துடைத்தார்கள், பூசினார்கள், வாளி வாளியாகத் தூவினார்கள். தாமரை காணாமல் போயிற்று. ரயில் வருகிற மணி அடித்தபோது நான் சக்கரத்தை வைத்தேன். மணலில் சக்கரம் நறநறவென்று பிடித்தது. கை கடுத்தது. நடு மேடையில் திரும்பினேன். மேலே ஏறினேன். யாரும் கை தட்டவில்லை. அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுக்க ஓடினார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஈரப் பெயிண்டில் வந்ததால் சக்கரத் தடம் சிவப்பாகப் பிளாட்பாரத்தில் பூத் வரைக்கும் விழுந்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

"நான் வந்த வழிங்க" என்று சொல்லி, போன் பேச நின்றவருக்கு எண்ணைச் சுழற்றினேன். அதிகாரி பூத்தை நானே நடத்துகிறேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டு போனார். அன்றைக்கு மூன்று தடவை குழாய்க்குப் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் மாமா ஸ்பானரோடு வந்தார். சாயங்காலம் எடுத்துவிட வேண்டும் என்ற ஸ்டேஷன் மாஸ்டரின் சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு. நான் பூத்தைப் பூட்டிவிட்டு, வண்டியை ஓட்டிவந்து சரிவின் நடு மேடையில் நிறுத்தினேன். இறங்கினால் நாளைக்குக் காலையில் இது இருக்காது என்று தெரியும். கழற்ற வேண்டுமானால் என்னோடு கழற்றட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் முட்டை வண்டி வந்துவிட்டது. தள்ளுகிறவர்கள் சுவரில் சாய்த்திருந்த தங்கள் பலகையைத் தொடக்கூட இல்லை. சரிவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கறீங்களாக்கா?" என்றார் ஒருவர்.

மேடையின் ஓரமாக ஒதுங்கினேன். நாலு பேர் தள்ளும் வண்டியை இரண்டு பேர் பேசிக்கொண்டே மேலே கொண்டுபோனார்கள். அவர்களுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து ஒரு போர்ட்டர் ஏறினார். முதல் நாள் என்னைத் தூக்கியவர்தான்.

மாமா ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு, "எடுத்தரலாமுங்களா?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் சிவப்புத் தடத்தைப் பார்த்தார். "முட்டை ஏறி முடியட்டும்" என்றார்.

நாமக்கல் கோழிகளை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். முட்டை ஏறி முடியவே இல்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகும், அடுத்து வந்தவர் போன பிறகும் முடியவில்லை. படியும் அங்கேதான் இருந்தது. அதில் என்னை யாரும் தூக்கவில்லை.