ரிசல்ட் நாளில் வரும் வேன்

இன்று பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை ரிசல்ட் வந்தது. எங்கள் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசிப் பேர் கணக்கில் பெயில்.

"பிள்ளைங்க படிக்கலைங்க," என்றார் பள்ளிக்கூட அதிபர்.

"ரெண்டு வருசமா கணக்கு சேரே இல்லையே, யாருங்க படிச்சுக் குடுத்தது?" என்று கத்தினார், ரப்பர் பால் வெட்டிவிட்டு அப்படியே வந்திருந்த ஒரு அம்மா.

சண்டை முற்றும்போதே கேட்டுக்கு வெளியே வேன் வந்து நின்றது. கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் புரோக்கர். ரிசல்ட் நாளில் தவறாமல் வந்துவிடுவார்.

என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த வருசமும் கணக்கு சேர் வரமாட்டாராமே. உங்க மகளும் அப்பதானே எழுதுறா?"

தப்பு பள்ளிக்கூடத்துடையதா, பிள்ளைகளுடையதா? நீங்களும் கமெண்டில் சண்டை போடுங்கள்.

புரோக்கர் அடுத்த வருச ரிசல்ட்டுக்குள் பெரிய வேன் ஒன்று வாங்கிவிடுவாராம்.