பிள்ளைக்காம்பராவுக்கு நான் பூசிய சுவர்

சீமெந்து பூசுகிற தொழிலில், ஈரச் சுவரைத் தொட்டுப் பார்க்கிற உரிமை ஊருக்கு, வெடிப்பு விழுந்தால் ஏச்சு மேசனுக்கு. வீட்டுச் சுவரைப் பூசக் கொடுத்துவிட்டுக் காவல் காத்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

மலையகத்தில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவைச் சீமெந்துக் கல்லில் புதிதாகக் கட்டியிருந்தார்கள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. வெளிச்சுவரைப் பூசுகிற வேலையை, தேயிலைச் செடியின் கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த எனக்குக் கொடுத்தார், தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையா. பூச்சு நின்றால் நான் மேசன். விழுந்தால் திரும்பவும் கவ்வாத்துக் கத்தி. மழையில் அட்டைக்குக் காலைக் கொடுத்துத் தேயிலை வெட்டியவன் நான். அந்தக் கத்தியை மறுபடி தொட எனக்கு மனசில்லை.

தாகமெடுத்த கல்

மலையில் வெயில் கிடைத்ததே பெரிதென்று, கல்லை நனைக்காமலே பூசிவிட்டேன். காய்ந்து கிடந்த கல் சாந்தின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. சாயங்காலம் கண்டாக்கையா விரலால் தட்டினார். ஒரு பாளம் பெயர்ந்து அவர் சப்பாத்தின் மேலேயே விழுந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை சனிக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு, சப்பாத்தை உதறினார்.

"சொவத்துக்குச் சட்டை போடச் சொன்னா, போர்வையப் போத்தி விட்டுருக்கியேப்பா!"

பால் கொடுக்கும் நேரம்

சுரண்டி, கல்லை நனைத்து, மறுபடி பூசி, மட்டப்பலகையால் இழுத்து வழவழவென்று ஆக்கிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். பாழாய்ப்போன தூறல் அப்போதுதானா பிடிக்க வேண்டும்! உள்ளேயிருந்த பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிய பெண்கள், முதுகில் கூடையோடு கூரையடியில் ஒதுங்கிச் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். ஓடிவந்து பார்த்தால் கூடைப் பின்னல் சுவர் நெடுகப் பதிந்திருக்கிறது. நான் போட்ட கூச்சலுக்கு, அவர்களில் மூத்தவளான லெட்சுமியக்கா அசரவேயில்லை.

"மழைக்கு ஒதுங்கக் கூரையப் போட்டுட்டு, சொவத்துல சாயக் கூடாதுங்கிறியே தம்பி, இது என்னா ஞாயம்?"

வெள்ளிக்கிழமை உபகாரம்

மூன்றாம் முறை பூசி, ஈரச் சாக்கால் மூடி, ஒரு ஈ காக்கையைக்கூட அண்டவிடவில்லை. வெள்ளிக்கிழமை, பூச்சு இறுகியதும்தான், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குப் போனேன். சனிக்கிழமை காலையில் வந்தால் சாக்கைக் காணோம். சுவர் முழுக்கப் பச்சைச் சாணம்! லயத்தில் மண்ணால் எதைப் பூசினாலும் வெடிக்காமலிருக்க மேலே சாணம் மெழுகுவார்கள். என் பிழைப்புப் போய்விடக் கூடாதென்று லெட்சுமியக்காவும் மற்றப் பெண்களும் சேர்ந்து மெழுகியிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கழுவ வாளியைத் தூக்குவதற்குள் துரை வந்துவிட்டார். கூட வந்த கண்டாக்கையா முகத்தில் ஈயாடவில்லை. துரை பிரம்பால் தட்டினார், சுரண்டினார். பூச்சு அசையவில்லை, ஒரு வெடிப்பும் இல்லை. மூக்கைச் சுளித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"மேசன், சொவர் நல்லா இருக்கு. மாடு எங்கே?"

அன்றைக்கு நான் மேசனாகிவிட்டேன் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவுக்கு மாட்டுக்காம்பரா என்று பேர் விழுந்ததும் அன்றைக்கேதான்.