வாப்பா பாடிய ஒரு வரி

போன கிழமை என் மகளின் கணவர் கட்டாரிலிருந்து கொண்டுவந்த பெட்டியைப் பிரித்தார். உள்ளே புத்தம் புதிய ரெக்கோட் பிளேயர். செத்துப்போன சாமான் என்று நான் நினைத்திருந்ததற்கு இப்போது மறுபடி மவுசாம். அதை அணைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்று கேட்டார்.

"மாமா, இத எங்க வைக்கிற?"

சிரிப்பு வந்தது. இதே சாய்ந்தமருது வீட்டில், இதே கேள்வியோடு, புது மாப்பிள்ளையாக நானும் நின்றிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவது. உடுப்புகளோடு நான் கொண்டுவந்தவை ஒரு பழைய பிளேயரும் ஒரே ஒரு இசைத்தட்டும்தான். இஸ்லாமிய கீதங்கள். பின்பாட்டுக் கூட்டத்தில் என் வாப்பா. ஒரு பாட்டில் ஒரு வரியை மட்டும் தனியாகப் பாடியிருப்பார். அவர் மௌத்தான பிறகு அவருடைய குரல் உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வரியில்தான்.

ஆனால் மனைவியின் வாப்பா, என் மாமாவின் அரைக்கும் மில் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தது. காலையில் தொடங்கினால் வீடு உறங்கப்போகும் வரை ஓடும். மிளகாய்த்தூள் மணக்கும், தரை அதிரும், ஊசி துள்ளி வாப்பாவைத் தாண்டிப் போய்விடும். வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு. அன்றைக்கு மாமா அறைவாசலில் நிற்பார்.

"வெள்ளிக்கிழம நாளையில பாட்டுப்பெட்டி வாணாம் மருமகன்."

ஆறு நாள் தரை விடாது, ஏழாம் நாள் மாமா விடமாட்டார். உம்மா வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்றால் அது தங்கச்சிக்குச் சீதனமாகி, அங்கே அவள் புருசன் இருந்தார். பொறியில் அகப்பட்ட எலிக்காவது ஒரு தேங்காய்த்துண்டு கிடைக்கும்.

சும்மா இருப்பேனா? கிண்ணத்தில் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தேன். கடற்கரை மணலைப் பலகைப்பெட்டியில் நிரப்பி, அதன்மேல் பிளேயரை வைத்தேன். துள்ளல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் மீன்வலை நைலோன் கயிற்றில் கூரை வளையிலிருந்து தொங்கவிட்டேன். மாமி எட்டிப் பார்த்துவிட்டு என் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன புள்ள, தொட்டிலும் கட்டியாச்சு, எனக்கிட்டச் சொல்லல்ல?"

அன்று பின்னேரமே அயல்வீட்டுப் பெண்கள் பலகாரத்தோடு வந்துவிட்டார்கள். அவமானத்தில் கயிற்றை அவிழ்த்தேன்.

பிறகுதான் அந்த யோசனை. மில்லில் கிடந்த இரும்பு நட்டு ஒன்றை ஊசிக் கையின் தலையில் றப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். மில் ஓடியது, தரை அதிர்ந்தது, ஊசி அசையவில்லை. வாப்பா பாடினார். நான் அழுதேன். மனைவி கதவைச் சாத்திவிட்டு, "இன்னொருக்காப் போடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு மில் ஓடும் நாளெல்லாம் அந்த வரியையே திரும்பத் திரும்பப் போட்டேன். அந்த வீட்டில் என் பக்கத்து ஆள் வாப்பா ஒருவர்தானே. பாரம் ஏறிய ஊசி தட்டை உழுதுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சில மாதங்களில் வாப்பாவுக்குத் தடிமன் பிடித்ததுபோல் குரல் கரகரத்தது. பாரம் போதவில்லையென்று நினைத்து இன்னொரு நட்டும் கட்டினேன், மடையன். ஒரு டேப் கசட்டில் பதிந்து வைக்கும் புத்திகூட வரவில்லை.

மாமா போய்விட்டார். மில் இருந்த இடத்தில் மருமகனின் கார் நிற்கிறது. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் இருக்கிறோம். மனைவி வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு, ஓரடி நகராமலே வந்து சேர்ந்துவிட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து தட்டை எடுத்துக் கொடுத்தேன். புது ஊசி, ஆடாத தரை, தடுக்க ஆளில்லை. கூட்டம் தெளிவாகப் பாடியது. வாப்பாவின் இடம் வந்ததும் இரைச்சல் மட்டும். மருமகன் குனிந்து ஊசியைப் பார்த்தார்.

"இந்த எடத்தில ஒண்டும் கேக்கல்லியே மாமா?"

"ஓம். அதில என்ட வாப்பா ஒரு வரி படிச்சிருந்தார்."

ஊசிக் கையில் விரலை வைத்தார். "நிப்பாட்டட்டா?" என்றார்.

"வாணாம், ஓடட்டும்."

ஊசி ஒரு துள்ளலும் இல்லாமல் அந்த வரியைக் கடந்து போனது.