சடுகுடு மூச்சு

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால்தான் பையன்கள் சடுகுடு ஆடும் மைதானம். எழுபதுகளின் தொடக்கம் அது. என் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. கணவர் ஃபேக்டரிக்கு ஷிஃப்ட் போய்விடுவார். அவருடைய தம்பி எங்களோடு தங்கி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். ஊரிலிருந்து அவனைக் கொண்டுவந்து விட்ட மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாராயக்கடை எல்லாம் தொறந்துட்டாங்களாமே, புள்ளைய நீதாம்மா பாத்துக்கணும்" என்றார். படித்த மருமகளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

சும்மா இருக்கிற பையன்தான் கெடுவான், விளையாடுகிறவன் உடம்பைப் பார்த்துக்கொள்வான் என்று நானே அவனை மைதானத்துக்கு அனுப்பினேன். கணவருக்கு அதில் அரை மனசுதான்.

"சடுகுடு சடுகுடு சடுகுடு..." அவன் பாடிப்போகும் குரல் அடுப்படிக்குக் கேட்கும். கோட்டைத் தாண்டியதிலிருந்து எதிராளியைத் தொட்டுத் திரும்பும்வரை மூச்சு விடக்கூடாது. தோசைக் கரண்டியும் கையுமாக நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எப்போதும் நான்தான் முதலில் தோற்பேன். நான் மூச்சிரைப்பதைப் பார்த்துக் குழந்தை கெக்கலித்துச் சிரிக்கும். அங்கே அவன் இன்னும் பாடிக்கொண்டிருப்பான். அந்த மாலைகளின் புழுதி வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

ஒரு மாலை அவன் குரல் நடுவிலேயே அறுந்தது. நான் இன்னும் மூச்சைப் பிடித்தபடி நின்றிருந்தேன். சளியாக இருக்கும் என்று கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே. துவைக்க எடுத்த பனியனில் சிகரெட் வாடை அடித்தது.

கேட்டேன். அவன் மறைக்கவில்லை.

"ஜெயிச்சா ஒரு சிகரெட்ட பத்தவெச்சு ஆளுக்கு ஒரு இழுப்பு இழுக்கணும் அண்ணி. டீம் வழக்கம். வாணாம்னா, 'இன்னாடா, பால்புட்டி எட்த்தாரவா'ன்றானுங்க. அப்புறம் பாடவே அனுப்ப மாட்டானுங்க."

"ஒரு இழுப்புக்கா இப்படி மூச்சு முட்டுது?"

தலையைக் குனிந்துகொண்டான். "இப்பல்லாம் ப்ராக்டீஸ் முடிஞ்சாலும் உண்டு. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி."

சொன்னால் கணவர் விளையாட்டையே நிறுத்திவிடுவார். அப்புறம் சாயங்காலங்களில் இவன் எங்கே போய் நிற்பான்? சொல்லாவிட்டால் மாமியாருக்கு என்ன பதில்? இன்று சிகரெட், நாளை சாராயம் என்றால்? குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டே இரண்டு பக்கமும் நானே வாதாடினேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பையன்கள் யாரும் குடும்பப் பெண்கள் எதிரில் புகைக்க மாட்டார்கள். தெருவில் என்னைக் கண்டாலே கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். புகை மட்டும் தலைக்கு மேலே எழும்பும்.

அடுத்து பருத்திப்பட்டில் நெமிலிச்சேரி பையன்களோடு ஆட்டம். இடுப்பில் குழந்தையும் கையில் மோர்த் தூக்குமாக நானும் போய் நின்றேன். அங்கே வேறு பெண்ணே இல்லை. எங்கள் பையன்கள் ஜெயித்தார்கள். ஃபேக்டரியில் அப்ரண்டிஸாக இருந்த கேப்டன் சட்டைப்பையைத் தொட்டான். என்னைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான்.

"இன்னா அண்ணி, ஊட்டுக்குப் போவலியா?"

"மோர் தீரட்டும்பா."

"டேய், சீக்கிரம் குட்ச்சுத் தொலைங்கடா! அண்ணி நின்னுகினு கீறாங்க இல்ல!"

தூக்கு காலியானதும் எல்லோரும் ஒன்றாகவே நடந்து திரும்பினோம். கேப்டன் குழந்தையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். என் கொழுந்தன் மட்டும் பத்தடி முன்னால் போனான். வீட்டுக்கு வந்ததும், "மானமே போச்சு" என்றான். சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மறுநாளும் ஆட்டம் முடிகிற நேரத்துக்கு மோரோடு மைதானத்துக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். கேப்டன் உப்பு போதவில்லை என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டான். கொழுந்தன்தான் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் அவன் சிகரெட்டை நிறுத்துகிறேனா, இல்லை அவனை வேறு மறைவிடம் தேடவைக்கிறேனா என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் மோர் கடைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவன் குரல் வந்தது. மத்தை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்ததும் விட்டுவிட்டேன். அவன் இன்னும் பாடிக்கொண்டிருந்தான்.

அவன் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே நான் மூச்சைப் பிடித்துவிட்டேனோ என்று உடனே சந்தேகம் வந்தது. அடுத்த முறை ஜன்னலில் நின்று, அவன் கால் கோட்டைத் தாண்டுவதைப் பார்த்த பிறகே பிடித்தேன்.

அப்போதும் நான்தான் தோற்றேன்.