எனக்கு வந்த சிவப்புப் பூ

அன்றைக்கு முகாமுக்குப் போனவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தறிக்கு நூல் சுற்றும் ராமாத்தாள். அவள் நாத்தனார் துளசிமணி. பக்கத்து வீட்டுக் கண்ணம்மாள். நான் வேலை பார்க்கும் தறிக்கூடத்தில் எனக்கு அடுத்த தறியில் நிற்கும் பாப்பாத்தி அக்கா. பிறகு நான்.

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஆடி மாதம். பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். எங்களில் யாருக்கும் ஒரு நோவும் இல்லை. ஓனர் அரை நாள் லீவு விட்டார். அதனால் போனோம்.

கர்ப்பப்பை வாயில் குச்சியால் தடவி, கண்ணாடித் துண்டில் தேய்த்து வைத்தார்கள். கூச்சத்தில் எனக்கு உடம்பே நடுங்கியது. பாப்பாத்தி அக்கா மட்டும் சேலையை உதறிக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, இத்தனையும் பாத்துப்போட்டு ஒரு டீ கூட இல்லீங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நர்ஸம்மாவும் சிரித்தார்.

அடுத்த மாதம் அந்த நர்ஸம்மா தறிக்கூடத்துக்கே வந்தார். அக்காவையும் என்னையும் மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"ரண்டு பேருக்கும் செல்லு மாறியிருக்குதுங்க. இன்னும் புத்துநோய் ஆகலைங்க. இப்பவே கோயமுத்தூரு போனீங்கன்னா சரி பண்ணிப்போடலாம்."

அவர் போனதும் அக்கா சொன்னாள். "வலி இல்ல, ஒன்னுமில்ல. நல்லா இருக்கறவள எதுக்குப் படுக்க வெக்கறாங்க? வா அம்மணி, ஆத்தாளையே கேட்டுப்போடலாம்."

ஆத்தா என்றால் எங்கள் ஊர் மாரியம்மன். பெண் பார்க்கப் போவதானாலும் கிணறு வெட்டுவதானாலும் எங்கள் பக்கம் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார். ஒன்றை எடுத்துக் கொடுப்பார். நோய் இல்லையென்றால் வெள்ளை கொடு என்று இருவரும் வேண்டினோம்.

அக்காவுக்கு வெள்ளை வந்தது. அங்கேயே தலையில் வைத்துக்கொண்டாள்.

எனக்குச் சிவப்பு.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆத்தாளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். அக்காவைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். "கெளம்பு. நானும் வாரேன்" என்றார். அவ்வளவுதான். கோயமுத்தூரில் கெட்ட செல்லை உறைய வைத்து அழித்தார்கள். டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். "திரும்ப வராதுன்னு நான் சொல்ல முடியாதுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டோணும்."

ஊருக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். நீயும் ஒருக்கா போய்க் காட்டிவிடு என்றேன். "ஆத்தா இல்லைன்னு சொன்னதுக்கு மேல டாக்டரு என்ன கண்ணு சொல்லுவாரு?" என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. நானும் அதே ஆத்தாளை நம்புகிறவள்.

மறு வருடம் எனக்குத் திரும்ப வந்தது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் கட்டிலில் உட்கார்ந்து வேண்டினேன். உயிரைக் கேட்க வாய் வரவில்லை. ஆத்தா, பயத்தை மட்டும் எடுத்துக்கொள், மற்றதை நீ பார்த்துக்கொள் என்றேன். காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது கை நடுங்கவில்லை. முகாமில் அப்படி நடுங்கின உடம்பு இது. எடுத்ததைச் சோதித்துப் பார்த்து, வேறெங்கும் பரவவில்லை என்றார்கள்.

நான் தேறி வேலைக்குப் போன சில மாதத்தில், தறியில் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு உதிரம் போனது. சேலை நனைந்து தரைக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி போனாள். பரவியிருந்தது. கரண்டு வைத்தார்கள், அதுதான் கதிர்வீச்சு. கருத்துப்போய் வந்தாள்.

கடைசியில் கஞ்சி கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குச் செவப்பு வந்தன்னிக்கு நான் வெள்ளயத் தலைல வெச்சுட்டு நின்னேனே கண்ணு."

"அதெல்லாம் இப்ப எதுக்குங்கக்கா? ஒரு வாய் குடிங்க."

"அந்த வெள்ளய ஆத்தா எதுக்கு எனக்குக் குடுத்தா?"

நான் கஞ்சியை ஆற்றினேன். மார்கழியில் போய்விட்டாள்.

அவள் கேட்டதை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றும் கோயிலுக்குப் போகிறேன். ஆத்தாள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பூசாரி அதற்குப் பிறகு நோய்க்குப் பூப் போடுவதில்லை. யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாங்க, திருநீறு தாரேன்" என்பார்.

நான் விடாமல் பரிசோதனைக்குப் போகிறேன். கர்ப்பப்பை இல்லாவிட்டாலும் மறுபடியும் வரலாம் என்றிருக்கிறார்கள். தெரிந்துதான் போகிறேன். பஸ் ஏறும் முன் ஆத்தாள் முன்னால் நிற்பேன். இருக்கிறதா இல்லையா என்று அவளிடம் கேட்பதில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்பேன். அதை அவள் இல்லையென்று சொன்னதே இல்லை.

அவளை நம்புகிறவர்களே, நீங்களும் அதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே பஸ் ஏறுங்கள்.

இந்த ஆடியிலும் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் போனேன். பாப்பாத்தி அக்காவின் மகள்தான் முதலில் ஏறினாள். சீட்டுக் கொடுக்கக் கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன்.

பதினோரு பேர்.